சீசாவுக்கு ஐந்து கை

என் மனிசனுக்கு அமெரிக்கா பிடித்தது அங்கே ஜனாதிபதித் தேர்தல் நடந்த நேரத்தில். இத்தாலியில், பலெர்மோவில் ஒரு வைத்தியர் வீட்டில் சமைத்து, துடைத்து, நாயை உலாத்துகிறவர் அவர். நாய் மூக்கை வைத்த இடத்தில் எல்லாம் நின்று நின்று, போனில் அமெரிக்கத் தேர்தல் விளக்கம் பார்த்துவிட்டு வருவார். வந்து என்னைப் பிடித்து இருத்துவார்.

"அங்கை சனம் போடுற வாக்கு நேரை ஜனாதிபதிக்குப் போறேல்லை. விளங்குதோ?"

"ஓம்" என்றேன். விளங்கவில்லை. இல்லை என்று சொன்னால் இன்னும் சத்தமாகச் சொல்லுவார் என்ற பயம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எவ்வளவு சின்ன மாநிலம் என்றாலும் மூன்று பேருக்குக் குறையாது. ஒரு மாநிலத்தில் ஒருவர் ஒரு வாக்கால் முந்தினாலும், ஒன்றிரண்டு மாநிலம் தவிர மற்ற எங்கும், அந்த மாநிலத்தின் ஆட்கள் முழுப்பேரும் அவருக்கே. தோற்றவருக்குப் போட்ட வாக்கு குப்பை. பிறகு அந்த ஆட்கள் கூடி, உண்மையான வாக்கைப் போடுவார்கள். மொத்தம் ஐந்நூற்று முப்பத்தெட்டுப் பேர். இருநூற்றெழுபது எடுத்தவர் ஜனாதிபதி. நாடு முழுக்கத் தலை எண்ணினால் கூடுதலாக எடுத்தவர் தோற்றும் இருக்கிறாராம்.

"இது என்ன அநியாயம்?" என்று கேட்டுவிட்டேன்.

"அநியாயம் இல்லையடி, அது மூளை."

அவருக்கு இங்கே உள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவராக வேண்டும். இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றவர். சங்கம் என்றால் சின்ன விசயம் இல்லை. செத்தால் ஊருக்கு உடல் அனுப்புவது, செத்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோவது, திருவிழா, கலியாணம், எல்லாம் அதுதான். அவரைத் தோற்கடித்தது மொரிசியஸ்காரர்களின் வாக்கு என்பது அவருடைய கணக்கு. அவர்களும் தமிழ் வழிதான், ஆனால் தமிழ் கொஞ்சம்தான் வரும். அவர்களுடைய ஆள் ஒருவர் சமையல்காரர், அமைதியானவர், எங்களோடு பழகி எங்கள் தமிழே பேசுவார். முந்தின முறைகளும் எதிரே நின்றவர் அவர்தான்.

"மொரிசியஸ் முழுக்கச் சீசாவுக்குள்ளை கிடக்கு" என்றார் இவர். சீசா என்பது பலெர்மோவில் ஒரு பகுதி, நாங்களும் அங்கேதான் இருக்கிறோம். "சீசாவிலை அவையளை விட எங்கடை சனம்தான் கூட. ஏரியா ஏரியாவாப் பிரிச்சால் சீசா எனக்கு. அவையளின்ரை வாக்கு ஒண்டும் வெளியிலை வராது."

கூட்டத்தில் அமெரிக்க முறையைக் கொண்டுவந்தார். எங்கள் சனம் இருக்கிற மூன்று ஏரியாவில் சீசாவுக்கு ஐந்து கை, பல்லரோவுக்கு நாலு, சியாகுல்லிக்கு இரண்டு; ஒரு கை ஒரு வாக்கு. சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்ட வேலைக்குப் போகிற ஏழெட்டுக் குடும்பம்தான். அவர்கள் உடனே சம்மதித்தார்கள், இத்தனை காலமும் அவர்களை ஒருவரும் கணக்கெடுத்ததில்லை. அந்த மொரிசியஸ்காரர், சமையல்காரர், தோளைக் குலுக்கினார்.

ஏரியாவில் வாக்கு எண்ணிய பிறகு, ஏரியாவுக்கு ஒருவர் கூட்டத்தில் கை தூக்க வேண்டும், அவருடைய ஒரு கைக்கு அந்த ஏரியாவின் கை முழுக்கக் கணக்கு. தன் ஏரியா வெல்ல வைத்த ஆளுக்குத் தூக்காமல் மாறினால் குடும்பத்தோடு சங்கத்தை விட்டுத் தள்ளிவைப்பு. அதையும் இவர்தான் எழுதுவித்தார். "அங்கை சில மாநிலத்திலை தண்டம். இஞ்சை தண்டம் காணாது."

சீசாவுக்கு என்னைப் போட்டார். ஒருவர் கேட்டார், "மனிசியைப் போடுறது சரியோ, அண்ணை?"

"அவள் ஏமாத்த மாட்டாள். ஏமாத்துறதுக்கு மூளை வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தேர்தலுக்கு முன்னம் பேச எழும்பிய என் மனிசன், சும்மா இருக்க முடியாமல் ஒரு பகிடி விட்டார். "சீசாப் பெண்டுகளைப் பார்த்தால் ராசாத்தியள் மாதிரி. எல்லாம் சிஞ்ஞோராமார் கழிச்சு விட்ட உடுப்பு." பல்லரோ ஆம்பிளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது நான் போட்டிருந்த கோட்டும் நான் படி கழுவுகிற வீட்டு அம்மா, ஒரு சிஞ்ஞோரா, தந்ததுதான்.

பல்லரோவில் இவருக்கு வாக்குக் குவிந்தது. சியாகுல்லி மற்றவருக்கு. சீசா நாலைந்து தலையால் மற்றவருக்கு.

அடுத்த நாள் பஸ் தரிப்பில் என்னோடு வேலைக்குப் போகிற ஒருத்தி சொன்னாள், "அக்கா, கழிச்சு விட்ட உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வாக்குப் போட்டனாங்கள் எண்டு அண்ணைக்குச் சொல்லுங்கோ." மற்றவள், "இனி அக்காதானே கை தூக்கோணும். அண்டைக்கு நான் வேலைக்கு லீவு" என்றாள். பஸ் வரும்வரை சிரித்தார்கள்.

மூன்று ஏரியாவையும் சேர்த்து எண்ணினால் இவருக்குத்தான் கூட. கண்ட இடமெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தார். பல்லரோவில் மீன் வாங்குகிற இடத்தில் இவருடைய கூட்டாளியே கேட்டானாம், "கூட எடுத்தவர் வீட்டை போறதுதானே அண்ணை அமெரிக்கா? நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்."

வீட்டில் மகள் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "மம்மா, அப்பா செய்தது ஸ்பல்லியாத்தோ, பிழை. அங்கை ஒவ்வொரு கட்சியும் தன்ரை ஆக்களை முதலே போட்டு வைக்கும். வெண்ட கட்சியின்ரை ஆக்கள்தான் போய் வாக்குப் போடுவினம். தோத்தவரின்ரை மனிசியை ஆர் அனுப்புவான்?"

"வாயை மூடடி" என்றார் இவர்.

கூட்டம் வரும்வரை எனக்கு நித்திரை இல்லை. இவருக்குத் தூக்கினால் ஒன்பதுக்கு இரண்டு, இவர் தலைவர். ஆனால் மாறினவள் என்று எங்களைத் தள்ளிவைப்பார்கள், தள்ளிவைத்த குடும்பத்துக்குத் தலைவர் பதவி ஏது? மற்றவருக்குத் தூக்கினால் இவர் என்னை வீட்டில் நிம்மதியாக இருக்க விடமாட்டார். முன்பு ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்திருந்தார்கள். அந்த மனிசன் செத்தபோது உடல் ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் கிடந்தது கிடந்தபடி. அவருடைய மனிசி சந்தைக்கு வந்தால் எங்கள் சனம் தக்காளியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். படி கழுவும்போதெல்லாம் அதே யோசனை. எனக்கு நெஞ்சு வருத்தம் வந்தால்? என்னை ஊருக்கு ஆர் அனுப்புவார்கள்?

இவர் தனக்குக் கையைத் தூக்கு என்றும் சொல்லவில்லை, தூக்காதே என்றும் சொல்லவில்லை. சட்டத்தில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் பல்லரோ நாலு கையை இவருக்குக் கொடுத்தது. சியாகுல்லி இரண்டை மற்றவருக்குக் கொடுத்தது. பிறகு எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. லீவு எடுத்த அந்தப் பிள்ளை முன் வரிசையில் போனைப் பிடித்தபடி இருந்தாள்.

நான் எழும்ப முன்னம் இவர் எழும்பினார்.

"ஒரு நிமிசம். இவள் எட்டாம் வகுப்பு. இவளுக்கு இது ஒண்டும் விளங்கேல்லை. இஞ்சை என்ன நடக்குது எண்டே தெரியாது. வீட்டிலை காஸ் அடுப்பை நிப்பாட்டினனோ எண்டு மூண்டு தரம் போய்ப் பார்க்கிற மனிசி. விளங்காத ஆளின்ரை கை செல்லாது. சீசாவுக்கு வேறை ஆளைப் போடுவம்."

மொரிசியஸ்காரர் மெதுவாக, "அக்கா, வேணாம் எண்டால் விடுங்கோ" என்றார்.

தூக்காமல் விடுவதும் மாறுவதுதானோ, அதற்கும் தள்ளிவைப்பார்களோ என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். கையைத் தூக்கினேன். யாருக்கு என்று கேட்டார்கள். மொரிசியஸ்காரரைக் காட்டினேன்.

சீசாப் பெண்கள் கை தட்டிய சத்தம் கீழே வீதிக்குக் கேட்டிருக்கும். என்ன துணிச்சல் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். துணிச்சல் எங்கே வந்தது? அந்த ஆஸ்பத்திரிக் குளிர் அறைதான் என் கையைத் தூக்கியது.

பழையபடி தலை எண்ணும் முறைக்கே போவோம் என்று பல்லரோ கேட்டபோது புதுத் தலைவர் சிரித்தார். "நல்ல சட்டம். உங்கடை அண்ணன் கொண்டு வந்தது. மாத்தினால் மரியாதை இல்லை." அடுத்த முறையும் சீசாவுக்கு நானே என்றும் அறிவித்துவிட்டார். நம்பிக்கையான ஆளாம்.

இவர் என்னோடு கதைப்பதில்லை. எது வேண்டுமென்றாலும் மகளிடம்தான். என் பெயரையும் மாற்றிவிட்டார்.

"சீசாவிட்டைக் கேள், சோறு இருக்கோ எண்டு."

மகள் முதல் இரண்டு நாள் சிரித்தாள்.

போன கிழமை அவர் கணக்குப் பார்த்து முடித்துவிட்டார். பல்லரோவில் அவருக்கு விழுந்த வாக்கில் பாதி வீண், வெல்லத் தேவைப்பட்டதற்கு மேலே விழுந்தது. அந்தச் சனத்தில் கொஞ்சத்தைச் சீசாவுக்குக் குடி மாற்றினால் அடுத்த முறை வென்றுவிடலாம். மூன்று குடும்பத்துக்கு வீடு பார்த்துவிட்டார். நாலாவது குடும்பத்துக்கு வாடகை கட்ட வழி இல்லை. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள்.

"சீசாவிட்டைச் சொல்லு" என்றார் மகளிடம், என் முகத்துக்கு நேரே. "தான் படுக்கிற அறையை ஒதுக்கட்டாம். குசினியிலை படுக்கலாம், அடுப்பையும் பார்த்துக்கொள்ளலாம்."