ஈரமாத்தான் இருக்கு சார்

இது கட்டுக்கதை இல்லை. என் மாமனார் இருக்கார், என் ஓரகத்தி இருக்கா, அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் இருக்கார். யாரை வேணும்னாலும் கேட்டுக்கலாம். ஆனா அன்னிக்கு நான் அங்கே ஒரு பொய் சொன்னேன், ஒரு உண்மையும் சொன்னேன். அது ரெண்டும் இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

எங்க குடும்பத் தொழில் கார்பெட் சுத்தம் பண்றது. மாமனார் ஆரம்பிச்சது. பெரிய மருமக நான், பதினோரு வருஷமா மெஷினைத் தூக்கிக்கிட்டு மாடி மாடியா ஏறி இறங்கினவ. கொழுந்தன் பொண்டாட்டி, அதான் சின்னவ, வந்து ரெண்டே வருஷம். அதுக்குள்ள "சின்னவ கை பட்டா எந்தக் கறையும் ஓடிடும்"னு மாமா ஊரெல்லாம் தம்பட்டம். எங்க வீட்டுல நான் உடைச்சா பொன்குடம், அவ உடைச்சா மண்குடம். வயிறு எரியாம என்ன செய்யும்?

அந்த மாசம் புதுசா ஒரு வேன் வாங்கினோம். அதோட சாவியை வெள்ளிக்கிழமை எங்க ரெண்டு பேர்ல ஒருத்திகிட்ட கொடுப்பேன்னு மாமா சொல்லியிருந்தார். சாவி யார் கையிலயோ அவதான் இனிமே ஒரு குழுவுக்குத் தலைவி. எனக்கு அந்தச் சாவி வேணும். கனவுல கூட அதுதான் வந்துச்சு.

புதன்கிழமை சாயந்திரம் ஒரு போன். திங்கட்கிழமை சின்னவ துவைச்ச வீடு. "ஈரமா இருக்கான்னு யாராவது வந்து பார்த்துச் சொல்லணுமாம்"னு மாமா சொன்னப்ப அவர் முகம் சுருங்கிப்போச்சு. ரெண்டு நாள் ஆகியும் ஈரம்னா எங்க தொழில்ல மானக்கேடு. மேலே காஞ்ச மாதிரி இருக்கும், அடியில தண்ணி நிக்கும். அப்புறம் நாத்தம் வரும், போன கறையும் மேலே ஏறி வரும். ஈரம் அளக்கற மீட்டர் ஊசியைக் குத்தினா பதினஞ்சுக்குக் கீழே காட்டணும். வெள்ளை சாக்ஸ் போட்டு நடந்தா சாக்ஸ் நனையக் கூடாது. அப்பதான் படிவத்துல 'காய்ந்தது'ன்னு கையெழுத்துப் போடுவோம்.

"நான் போறேன் மாமா"ன்னேன். எனக்கு வாயெல்லாம் பல்லு.

சின்னவ வாசல் வரைக்கும் பின்னாடியே வந்தா. "அக்கா, நான் தண்ணியை நல்லா உறிஞ்சித்தான் எடுத்தேன். அந்த வீட்டம்மா வேற கேட்டுக்கிட்டே இருந்தாங்க, காஞ்சிடுச்சா, காஞ்சிடுச்சான்னு. இன்னும் இல்லம்மா, பொறுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். பாவம், ரொம்பப் பொறுமைசாலி."

"சரி சரி, நான் பார்த்துக்கறேன்." என்னமோ ஊருக்கே நல்லவ மாதிரி ஒரு பேச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

மணி 5:50. நாலாவது மாடி. அறுபது வயசு இருக்கும், ஒருத்தர் கதவைத் திறந்தார். அறையைக் கையால காட்டிட்டுக் கூடத்திலேயே நின்னுட்டார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கலை.

"அம்மா இல்லையா சார்?"

"நான் தனியாத்தான் இருக்கேன்."

ஓகோ, சின்னவ கதை விட்டிருக்கான்னு நினைச்சுக்கிட்டேன்.

செருப்பைக் கழட்டி, புது வெள்ளை சாக்ஸ் போட்டுக்கிட்டு உள்ளே போனேன். சுவரோட சுவரா விரிச்ச சாம்பல் நிறக் கார்பெட். அந்தக் கோடியில, ஜன்னலோரமா மெத்தை போட்ட ஒரே ஒரு மர நாற்காலி. துவைச்சு முடிச்சதும் ரோமத்தை ஒரே பக்கமா பிரஷ்ஷால வாரி விடுவோம். சின்னவ வாரின கோடு அப்படியே இருந்துச்சு. ரெண்டு நாளா ஒரு கால் தடம் கூட விழலை.

மீட்டரைக் குத்தினேன். 12. தள்ளிப்போய் குத்தினேன். 11. மூலையில 12. வெள்ளைத் துண்டைப் போட்டுக் குதிகாலால அழுத்தினேன். துண்டு வெள்ளையாவே வந்துச்சு. அடிப்பாவி! ஒரு குறை சொல்ல வழி இல்லை. நான் துவைச்சிருந்தாலும் இவ்வளவு நல்லா வந்திருக்காது. அதுதான் எனக்குத் தாங்கலை.

அப்ப அவர் கூடத்துலேர்ந்து கேட்டார். "ஈரமா இருக்கா?"

என் நாக்கு முந்திக்கிச்சு. "ஈரமாத்தான் இருக்கு சார். நல்ல ஈரம்."

திட்டப் போறார்னு காத்திருந்தேன். அவர் "அப்பாடா"ன்னார்.

"அப்ப இன்னிக்கு வீட்டிலேயே படுக்கலாம். முடிச்சதும் கதவைச் சாத்திட்டுப் போம்மா." எதிர்ல இருந்த தன் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்.

சரியான கிறுக்கு மனுஷன். நான் படிவத்துல 'காயவில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாவி என் இடுப்புல தொங்கற மாதிரியே இருந்துச்சு.

மணி 6:12. நாற்காலிக்குக் கீழேயாவது கொஞ்சம் ஈரம் இருக்காதான்னு ஒரு நப்பாசை. குனிஞ்சு ஊசியைக் குத்தினேன். 12.

க்ரீச்…

நாற்காலி. யாரோ அசைஞ்சு உட்கார்ந்த மாதிரி.

நிமிர்ந்து பார்த்தேன். யாரும் இல்லை. ஆனா அதுல இருந்த மெத்தை… நடுவுல அமுங்கி இருந்துச்சு.

"காஞ்சிடுச்சா?"

பொம்பளைக் குரல். மெதுவா. மரியாதையா. என் தலைக்கு ரெண்டடி மேலே.

என்னால எழுந்திருக்க முடியலை.

"காஞ்சிடுச்சா?"

பொறுமையான குரல்தான். ஆனா ரொம்ப நாளா கேட்டுக் கேட்டு அலுத்த குரல்.

மூணாவது தடவை.

"காஞ்சிடுச்சா…?"

பயத்துல எனக்குப் பொய் வரலை. கையில மீட்டர் 12 காட்டிக்கிட்டே இருந்துச்சு.

"கா… காஞ்சிடுச்சும்மா."

"அப்ப நடக்கலாம்."

மணி 6:19.

க்ரீச்…

நாற்காலிக்குக் கீழே, வாரின கோட்டு மேலே… ஒரு பாதம் பதிஞ்சுச்சு.

பக்கத்துல இன்னொண்ணு.

அஞ்சு விரலும் தெரிஞ்சுது.

அடுத்தது… அடுத்தது…

என்னைத் தாண்டிப் போச்சு. என் கன்னம் சில்லுன்னு ஆச்சு.

கூடத்துப் பக்கம் போச்சு.

வாசலுக்குத் திரும்பலை.

எதிர் அறை.

டக்…

அந்தக் கதவு திறந்துச்சு.

நான் ஓடிட்டேன். மீட்டர் பை, செருப்பு எல்லாம் அங்கேயே, இடுப்புல சொருகின படிவம் மட்டும்தான் என்னோட வந்துச்சு. நாலு மாடியும் சாக்ஸோட.

மறுநாள் செருப்பை எடுக்கப் போனேன். வாட்ச்மேன் கீழேயே நிறுத்திட்டார். "ஐயா போயிட்டாரும்மா. ராத்திரி மாரடைப்பாம். கட்டில் மேல, சுவத்தோட ஒண்டி, ரெண்டு காலையும் மேலே தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்த மேனிக்கே… அவர் வீட்டம்மா மாதிரியே."

"வீட்டம்மாவா?"

"மூணு வருஷம் ஆச்சு. கார்பெட் துவைச்ச அன்னிக்கு, காஞ்சிடுச்சுன்னு நான் வந்து சொல்றவரைக்கும் கீழே கால் வைக்காதேன்னு மிரட்டிட்டு, இவர் இன்னொருத்தி வீட்டுக்குப் போயிட்டார். வந்தது மூணாம் நாள். அந்தம்மா நாற்காலியில இருந்து காலைக் கீழே விடவே இல்லை, அப்படியே உயிர் போயிருந்துச்சு."

அவரே மேலும் சொன்னார்.

"அதுலேர்ந்து ஆள் மாத்தி ஆள் கூப்பிட்டு அதைத் துவைச்சுக்கிட்டே இருப்பார். காயவே விடமாட்டார். காஞ்சிடுச்சுன்னு யாராவது சொல்லிட்டா, அன்னிக்கு ராத்திரி வெளியேதான் தங்குவார். நேத்து மட்டும் ஏன் வீட்டிலேயே படுத்தார்னு தெரியலை."

எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாமா என் படிவத்தைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார், சாவியை என் கையில வச்சார். சின்னவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு, சிரிச்ச முகமா என் கையைப் பிடிச்சா. அப்புறம் யாருக்கும் கேக்காம மெதுவா கேட்டா.

"அக்கா, அந்த வீட்டம்மா உங்ககிட்டயும் கேட்டாங்களா? நீங்க என்ன சொன்னீங்க?"

நாலு வருஷம் ஆச்சு. நான் இன்னும் பதில் சொல்லலை. சாவி என்கிட்டதான் இருக்கு. பக்கத்து அறையில சின்னவ படுத்ததும் தூங்கிடறா. நான் ரெண்டு காலையும் கட்டில் மேல தூக்கி வச்சுக்கிட்டு, விடியறவரைக்கும் தரையைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். அவ தூங்கற தூக்கத்தைப் பார்த்தா, இப்பவும் எனக்கு வயிறு எரியுது.