மற்ற ஆள்

இந்த ஸ்கீ கடையில் நிற்பது மூன்றே பேர்: நான், என்ர மச்சான் குகன், கடைக்காரப் பெண். மொன்றியலில் இருந்து இவ்வளவு வடக்கே எங்களோடு வேறு ஒருவரும் வரவில்லை.

குகன் வாடகை ஸ்கீயைக் கட்டிக்கொண்டு மரங்களுக்குள் மறைகிறான். எனக்குப் பயம், நான் ஹீட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறன். அந்தப் பெண் பிரெஞ்சில் ஏதோ கேட்கிறாள். விளங்காவிட்டாலும் வழக்கம்போல ஆமென்று தலையாட்டி "ஓம், ஓம்" என்கிறன். அவள் இன்னொரு சோடி ஸ்கீயைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே சாத்தி வைக்கிறாள். பிரெஞ்சில் 'ஓம்' என்றால் ஆம்பிளை என்பது எனக்குப் பேந்துதான் நினைவு வருகிறது; இன்னொரு ஆம்பிளையும் வந்திருக்கிறான் என்று அவள் விளங்கிக்கொண்டிருக்கிறாள்.

குகன் முகம் வெளிறித் திரும்பி வருகிறான்.

"பயம் எண்டிட்டு ஏன் அத்தான் பின்னால வந்தனீங்கள்? நான் கூப்பிடக் கூப்பிடக் கதைக்கவுமில்லை."

"நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பவே இல்லையடா."

வாசலில் சாத்திய சோடியின் அடிப்பக்கம் முழுக்கப் பனி அப்பியிருக்கிறது. கடைக்காரப் பெண் அதைத் தட்டித் துடைத்துவிட்டு, இரண்டு விரலைக் காட்டி இரண்டு பேரின்ர வாடகையையும் கேட்கிறாள். குகன்ர காசை மட்டும் வைத்துவிட்டு அவனையும் இழுத்துக்கொண்டு காருக்கு ஓடுகிறன். மற்ற ஆளின்ர நாற்பது டொலர் இன்னும் பாக்கி.