மூட்டைப்பூச்சி சொன்ன சாட்சி

மலேரியா ஒழிப்பில் மருந்தடிக்கிற உத்தியோகத்தில் ஒரு விசித்திரம் உண்டு: சர்க்கார் சம்பளம் கொடுப்பது கொசுவைக் கொல்ல, ஊர் நம்மை வரவேற்பது மூட்டைப்பூச்சியைக் கொல்ல. கட்டிலை வெயிலில் போட்டு, வெந்நீர் ஊற்றி, அப்படியும் தோற்றுப்போன அனைவருக்கும் இது புரியும். ஐம்பதுகளின் கடைசியில் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் பம்பும் பக்கெட்டுமாக அலைந்தவன் நான்.

மாப்பிள்ளை மரியாதை

ஆரம்பத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை என் மாமனார் வீட்டில்கூடக் கிடைத்ததில்லை. டி.டி.டி. பவுடரைத் தண்ணீரில் கரைத்துச் சுவரில் அடித்துவிட்டு வருவோம். மறுநாள் மூட்டைப்பூச்சிகள் உதிர்ந்து கிடக்கும், துடைப்பத்தால் கூட்டி அள்ளுவார்கள்.

வயல் கூலிக்குப் போகும் கன்னியம்மா, நாங்கள் வரும் நாளில் வேலைக்குப் போகாமல் சட்டி பானைகளை வெளியே எடுத்து வைத்துக் காத்திருப்பாள். கொசுவைப் பற்றி நான் நடத்திய பாடத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கொசு கெடக்குது நைனா. அந்தக் கட்டில் சந்துல ரெண்டு தபா நல்லா அடி."

பெரிய வீட்டுச் சுவர்

நிலம் நீச்சுள்ள பெரிய வீட்டில் மட்டும் என் பம்பு நுழையவே இல்லை. மருந்து காய்ந்தால் சுவரில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். அந்த வீட்டம்மாவுக்கு அது ஆகாது. மகள் கல்யாணத்துக்கு நீலம் அடித்த சுவராம். ஒவ்வொரு வருஷமும் போய்க் கெஞ்சினேன். ஒவ்வொரு வருஷமும் மோர் கொடுத்து அனுப்பினார்.

"எங்க வூட்டு மூட்டப்பூச்சி எங்களோட இருந்துட்டுப் போவட்டும்பா. நீ செவுத்துல கை வெக்காத."

மாவுக்காரன்

சில வருஷம் போனது. அதே மருந்து, அதே அளவு, அதே பம்பு. மூட்டைப்பூச்சி மட்டும் சாகவில்லை. நனைந்த சுவரில் நிதானமாக ஊர்வலம் போனது. மருந்தை விற்றுவிட்டு மாவைக் கரைத்து அடிக்கிறேன் என்று ஊர் முடிவு கட்டியது. மலேரியா இன்ஸ்பெக்டருக்குப் புகாரும் போனது.

எனக்கோ அது தற்காலிக வேலை. சர்க்கார் உத்தியோகம் என்று நம்பித்தான் மாமனார் பெண் கொடுத்திருந்தார். திருட்டுப் பட்டத்தோடு வீட்டுக்குப் போனால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? கன்னியம்மாவாவது எனக்காகப் பேசுவாள் என்று பார்த்தேன். அவள் கேட்டாள்: "மாவுன்னா கஞ்சியாவது காச்சிக் குடிச்சிருப்போம். அத்தப் போயி இன்னாத்துக்கு செவுத்துல அடிச்சிக்கினு கீற?"

இரண்டு தம்ளர்

இன்ஸ்பெக்டர் வந்தார். என் டப்பாவிலிருந்த பவுடரையே இரண்டு கண்ணாடித் தம்ளரில் தூவினார். ஒன்றில் கன்னியம்மா கட்டில் பூச்சிகள். இன்னொன்றுக்கு மருந்தே படாத வீட்டுப் பூச்சி வேண்டும் என்றார். பெரிய வீட்டில் போய் மூட்டைப்பூச்சி யாசகம் கேட்டேன். அந்தம்மா கட்டில் காலைத் தட்டித் தாராளமாகவே கொடுத்தார்.

சாயங்காலம் வரை தம்ளர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு பார்த்தால், பெரிய வீட்டுப் பூச்சிகள் மொத்தமும் மல்லாந்து கிடந்தன. கன்னியம்மா வீட்டுப் பூச்சிகள் பவுடரைப் பூசிக்கொண்டு உலாத்தின. மருந்து அசல்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மருந்துக்குப் பழகிடுச்சுங்க சார்" என்றேன். "பழகல. தாங்காததெல்லாம் செத்துப் போச்சு. தாங்குற மாதிரி பொறந்தது ஏதோ ஒண்ணு ரெண்டு மிஞ்சி முட்டை வெச்சுது. இப்ப இருக்கிறது பூரா அதுங்க வம்சம்" என்றார். உலகத்து உயிரெல்லாம் இப்படி மிஞ்சி மிஞ்சித்தான் மாறி வந்தது, அதற்குப் பல கோடி வருஷம் பிடித்தது என்று காலேஜில் படித்தாராம். மூட்டைப்பூச்சிக்குத் தலைமுறை சீக்கிரம் மாறுவதால், எங்கள் பக்கெட்டுக்குச் சில வருஷமே போதுமாக இருந்திருக்கிறது.

கன்னியம்மா இரண்டு தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி நைனா, நீ திருடன் இல்ல. ஆனா சாவுறதயெல்லாம் கொன்னுட்டு, சாவாததா பொறுக்கி எங்க வூட்ல வுட்டுட்ட. இன்னிக்கி நாங்க எங்க படுக்கிறது?"

மேலிடத்திலிருந்து வேறு மருந்து வராததால் அடுத்த வருஷமும் அதே பவுடரைத்தான் அவள் வீட்டில் அடித்தேன். பிறகு என் வேலை நிரந்தரமாகி, இப்போது பென்ஷனும் வாங்குகிறேன்.