வழக்கறிஞரின் மழலை

சரிபார்த்த செய்திகளை மட்டுமே இங்கே எழுதுகிறேன். நான் உடனிருந்து கண்டதும் கேட்டதும் தவிர வேறொன்றும் இதில் இராது. அந்த நடிகையைப் பற்றி அச்சில் வந்த துணுக்குகளில் அவர் பிறந்த ஊரே மூன்று விதமாக இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் சேர விருப்பமில்லை.

ஐந்து வயதில் ஒரே படத்தால் புகழ்பெற்றவர் அவர். அதில் வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்பார். அதற்கே அரங்கம் கைதட்டியது, அக்கூட்டத்தில் நானும் இருந்தேன். இப்போது, நாற்பதை நெருங்கும் வயதில், தொலைக்காட்சித் தொடரொன்றில் வழக்கறிஞராக நடிக்க அழைத்திருந்தார்கள். ழகரம் திருந்தினால் சொந்தக் குரலிலேயே பேசலாம் என்று இயக்குநர் வாக்களித்தாராம். திருவான்மியூரிலிருந்து மயிலாப்பூரில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். நான் கல்லூரியில் இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்றவன்.

"சார், நான் நடிச்ச ஒரு படத்துலயும் என் குரல் வந்ததில்ல. இந்த ஒரு தடவையாவது வரணும்" என்றார்.

ழகரத்துக்கு நுனிநா வளைந்து அண்ணத்தை வருட வேண்டும். அவருடைய நா எழுந்திருக்கவே மூன்று வாரம் ஆயிற்று. நான்காம் வாரம் ஒரு காலையில் 'வழக்கு' என்றார். மீண்டும் சொல்லச் சொன்னேன்; சரியாகவே வந்தது. அதற்குமேல் பாடத்தில் அவர் மனம் நிற்கவில்லை. வாசலில் ஆட்டோக்காரரிடம், "கிழக்கு மாட வீதி வழியா போங்க" என்றார்.

"இன்னா மேடம், சுத்தினு போவணுமே."

"பரவாயில்ல. கிழக்கு மாட வீதி."

ஆறாம் வார முடிவில் தியாகராய நகரில் குரல் தேர்வு. நானும் போயிருந்தேன். நீதிமன்றக் காட்சியின் ஒரு பக்கத்தைப் பிழையின்றிப் பேசி முடித்தார். இயக்குநர் காதிலிருந்த கருவியைக் கழற்றினார்.

"சூப்பர் மேடம். ஆனா அந்த 'வாயப்பயம்' ஃபீல் இல்லியே. ஜனம் உங்கள ஞாபகம் வெச்சினுகீறதே அதுக்குதான்."

"சார், அது என் குரலே இல்ல. எனக்கு டப்பிங் பேசினவங்களுக்கு அப்பவே நாப்பது வயசு."

"அப்டியா? அவங்க இப்ப கீறாங்களா?"

நகைச்சுவை என்றே முதலில் நினைத்தேன். இயக்குநரின் உதவியாளர் அதைக் குறித்துக்கொண்டபோதுதான் தெளிந்தேன். இயக்குநர் என் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, சொல்லிக்குடுத்தத அப்டியே ரிவர்ஸ்ல சொல்லிக்குடுங்க. வக்கீலு 'வயக்கு'ன்னா எவ்ளோ கியூட்டா இருக்கும். மயல பேச்சுக்கு மவுசே தனி."

மழலையை விற்றுப் பிழைப்பவருக்கு அச்சொல்லே வாயில் நுழையவில்லை. படித்து, வளர்ந்து, வழக்காட வந்த பெண்ணும் ஐந்து வயதுக் குழந்தையாகக் குழைந்தால்தான் இவர்களுக்கு இனிக்கும். இந்தச் சுவைக் குறைவுக்கு மக்கள் ரசனை என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

"என்னால் ஆகாது" என்றேன்.

நடிகை என்னையும் இயக்குநரையும் மாறி மாறிப் பார்த்தார். "யோசிச்சு சொல்றேன் சார்" என்றார். எங்களில் யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் முதல் அவர் பாடத்துக்கு வரவில்லை.

சென்ற வாரம் தொடரின் முன்னோட்டம் வந்தது. கறுப்பு அங்கியில் எழுந்து நின்று, "இந்த வயக்குல" என்கிறார். மூன்று முறை கேட்டேன். பின்னணி இசையின் இரைச்சலில் குரலை இனங்காண இயலவில்லை. கற்ற ழகரத்தை அவரே விட்டுக்கொடுத்தாரா, வேறொருவர் அவருக்காகப் பேசினாரா என்பது எனக்குத் தெரியாது.