கீச்சனில் இறங்கும் குர்ஜாக்கள்: மைசூரிலிருந்து தார் பாலைவனம் வரை

பாலைவனத்துக்குப் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒட்டகம் இல்லை, கானமயில். என் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் பறவை. அவ்வளவு கனத்தையும் தூக்கிக்கொண்டு பறக்கவும் செய்யும். நம் கர்நாடகத்துப் புல்வெளிகளிலும் ஒரு காலத்தில் நிறையத் திரிந்ததுதான். இப்போது பார்க்கவேண்டும் என்றால் ஜெய்சல்மேர் பக்கம் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குக்கரஹள்ளிக் கெரெ என்ற ஏரியைச் சுற்றிவந்து நீர்க்காகத்தையும் கூழைக்கடாவையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இது மட்டும் தீராத ஆசையாக இருந்தது.

நான் மண்டி மொஹல்லாவில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். எதிரே பாத்திரக் கடை வைத்திருக்கும் சேட்டுக்குச் சொந்த ஊர் ராஜஸ்தானில் பலோடி. என் ஆசையைக் கேட்டதும், "ஜனவரியல்லி ஹோகி மேடம். அப்பத்தான் எங்க ஊருக்குக் குர்ஜா வரும். அதையும் பாருங்க" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார். கார் ஓட்டும் தன் சொந்தக்காரர் ஒருவரின் எண்ணையும் கொடுத்தார்.

என் கணவர் முருகேசனைச் சம்மதிக்கவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அவர் ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரர். மின்சாரத் துறையில் லைன்மேன். லீவு கிடைத்தால் அக்ரஹாரத்து வீட்டில் காலை நீட்டிப் படுக்கத்தான் பிடிக்கும்.

"மணலப் பாக்கறதுக்கு ரெண்டு ராத்திரி ரயில்ல போகோணுமா? தலக்காட்டுல இல்லாத மணலா அம்மணி?" என்றார். ஆனாலும் வந்தார்.

ஜனவரி இரண்டாம் வாரம் கிளம்பினோம். மைசூரிலிருந்து அஜ்மீருக்கு நேர் ரயில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு ஏசியில் ஒருவருக்கு 2,400 ரூபாய்க்குச் சற்று மேலே ஆனது. அஜ்மீரிலிருந்து ஜோத்பூருக்கு பஸ்ஸில் ஐந்து மணி நேரம். ஜோத்பூரில் ஓட்டுநர் பீயாராம் காரோடு காத்திருந்தார். டீசல் உட்பட நாளுக்கு 3,200 ரூபாய், அவருடைய சாப்பாடு தனி. நான் பேசும் இந்தி மண்டி மொஹல்லாவில் கடைக்கு வருகிறவர்களிடம் கற்றுக்கொண்டது. முதல் நாள் டீ வேண்டாம் என்பதற்கு, அந்தப் பக்கத்தில் யாரும் சொல்லாத நம் தக்காணத்து "நக்கோ"வைச் சொன்னேன். பீயாராம் சிரித்த சிரிப்பில் கார் ஆடியது. அதற்குப் பிறகு வழியெல்லாம் எதற்கும் அவரும் "நக்கோ"தான்.

ஜோத்பூரிலிருந்து 65 கிலோமீட்டரில் ஓசியான். பாலைவனம் தொடங்குகிற இடம் என்று சொல்லலாம். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழமையான கோயில்கள் ஊருக்குள் அங்கங்கே நிற்கின்றன. ஒன்றின் பக்கத்தில் டீக்கடை, இன்னொன்றின் நிழலில் ஆடு. சோமநாதபுரத்தின் கருங்கல் போன்ற மாக்கல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் செம்மஞ்சள் மணற்கல் வேறு உலகமாக இருந்தது. வெயில் சாயச் சாய, தூண்களில் இருந்த கொடிகளும் பூதகணங்களும் கல்லிலிருந்து வெளியே வருவதுபோலத் தெரிந்தன. மேட்டில் இருக்கும் மாதா கோயிலின் படியேறித் திரும்பினால் ஊர் முடிகிற இடத்தில் மணல் ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு கண்ணுக்கு எட்டியவரை வேறொன்றும் இல்லை. தலக்காட்டில் எந்த மணல் மேட்டில் நின்றாலும் காவிரி பக்கத்தில்தான் இருக்கிறது என்ற தைரியம் இருக்கும். இங்கே அந்தத் தைரியம் கிடையாது. முருகேசன் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். பிறகு, "இது தலக்காடு இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு அது போதும்.

அன்று இரவு பலோடியில் தங்கினோம். அறை 900 ரூபாய், ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை இரண்டு கொடுத்தார்கள், இரண்டும் பத்தவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கீச்சன் கிராமத்துக்குப் போனோம்.

குர்ஜா என்பது பெருங்கொக்கு இனம். நம் ஊர் மஞ்சள்மூக்கு நாரையைவிடச் சிறியது. சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் குஞ்சலம். மங்கோலியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி இங்கே குளிர்காலத்துக்கு வருகிறது. கிராமத்துக்காரர்கள் வேலி போட்ட ஒரு திடலில் தினமும் சோளம் இறைக்கிறார்கள். தலைமுறைகளாக இப்படித்தானாம். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றோம். வீட்டுக்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

முதலில் சத்தம்தான் வந்தது. தூரத்தில் நூறு மாட்டுவண்டி ஒன்றாக வருவதுபோல ஒரு கர்ர்ர். பனிமூட்டத்துக்குள் ஒரு கோடு தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு கோடு. பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் கோடுகள். தலைக்கு மேலே வட்டமிட்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று மோதாமல் அந்தத் திடலுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தன. இறங்கி முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. தரை தெரியாமல் போனது. சிறகடித்த காற்று மாடிவரைக்கும் வந்து என் முகத்தில் பட்டது. பைனாகுலரை எடுக்கவே மறந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது குளிரால் என்று முருகேசனிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. வாயைத் திறந்தபடி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்துத் தீராமல் பன்னிரண்டு மணிக்குத்தான் கிளம்பினோம். ஜெய்சல்மேர் 160 கிலோமீட்டர். அதைத் தாண்டி இன்னும் அறுபது போனால் பாலைவனத் தேசியப் பூங்கா. அன்று மாலைக்குத்தான் எங்களுக்கு அனுமதி. மறுநாள் ஜோத்பூர் திரும்பி ரயில் பிடிக்கவேண்டும். கானமயில் பார்க்க எனக்கிருந்தது அந்த ஒரு சாயங்காலம் மட்டுமே.

இருபது கிலோமீட்டர் தாண்டியிருப்போம். சாலைக்கு இடப்பக்கம் சீரக வயல். அதன் குறுக்கே மின்கம்பி போகிறது. ஏழெட்டுக் குர்ஜாக்கள் வயலிலிருந்து எழும்பி வந்தன. முன்னால் வந்தவை கம்பிக்கு மேலே போயின. ஒன்று மட்டும் எதிலோ அறைபட்டதுபோல நடுவானத்தில் நின்று, மடங்கி, வயலில் விழுந்தது.

பீயாராம் காரை நிறுத்திக் கதவைத் திறந்தார்.

"எறங்காதீங்க! யாரும் எறங்காதீங்க!" முருகேசன் போட்ட சத்தத்தில் பாஷை தெரியாத பீயாராம்கூட அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கம்பி அறுந்து கெடக்குதான்னு மொதல்ல பாக்கோணும்."

அவர் மட்டும் இறங்கி, சாலை ஓரத்திலேயே நின்று, ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை கம்பியைக் கண்ணாலேயே தடவிக்கொண்டு போனார். எனக்குப் பறவை துடிப்பது மட்டுமே தெரிந்தது. "சீக்கிரங்க" என்றேன். "சும்னே இரு" என்றார். கடைசியில் கையைக் காட்டினார்.

"செரி, மூணு கம்பியும் மேலதான் இருக்குது. வாங்க."

பறவை ஒரு சிறகைத் தரையில் பரப்பிக் கிடந்தது. சிறகு சேரும் இடத்தில் தோல் கிழிந்து ரத்தம். கிட்டப் போனதும் அலகால் குத்த வந்தது. பீயாராம் தன் துண்டை அதன் தலைமேல் போட்டார். வெளிச்சம் மறைந்ததும் அப்படியே அடங்கியது. முருகேசன் சிறகை மடக்கி, என் சால்வையில் சுற்றி, குழந்தையைத் தருவதுபோல என் கையில் தந்தார்.

கூட வந்தவை எல்லாம் போய்விட்டன, ஒன்றைத் தவிர. அது வயலின் மறுகோடியில் இறங்கி, எங்களைப் பார்த்து நின்று கத்தியது. என் கையில் சால்வைக்குள் இருந்தது, மெல்லிய குரலில் பதில் கொடுத்தது.

"கீச்சனிலேயே அடிபட்ட பறவைகளுக்கு வைத்தியம் பார்க்க ஒரு கொட்டகை இருக்கு" என்றார் பீயாராம். "ஆனா திரும்பிப் போனா சாயங்காலம் பூங்காவுக்குப் போய்ச் சேர முடியாது. முன்னால வர்ற ராம்தேவ்ரா ஊர்ல யார்கிட்டயாவது கொடுக்கலாம். அங்க யார் பார்ப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

முருகேசனுக்கு மொழிபெயர்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு அம்மணி. நீதான கானமயிலுக்காக இவ்வளவு தூரம் வந்தே."

உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. சாலையைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நேரமெல்லாம் சால்வைக்குள் அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டே இருந்தது. இமயமலையைத் தாண்டிய நெஞ்சு. பறவை மொத்தமே மூன்று கிலோகூட இருக்காது.

"காரைத் திருப்புங்க" என்றேன் பீயாராமிடம்.

கார் திரும்பியதும் வயல் கோடியில் நின்ற பறவை எழும்பியது. கொஞ்ச தூரம் எங்களுக்கு மேலேயே வந்தது. பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் கம்லா என்ற பெண் ஒரு கால்நடை உதவியாளர். நாற்பது வயதிருக்கும். எங்களை எதுவும் கேட்காமல் பறவையை வாங்கி மேசையில் கிடத்தினார். சிறகு எலும்பை விரலால் ஒவ்வொரு அங்குலமாக அழுத்திப் பார்த்தார். மருந்து வைத்தார், இரண்டு தையல் போட்டார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"எலும்பு உடையலை. ஆனா தோள் நல்லா அடிபட்டிருக்கு. வர்றதெல்லாம் பிழைக்கிறதில்லை. இது பிழைச்சாலும் பறக்குமான்னு இப்போ சொல்ல முடியாது." பிறகு முருகேசனைக் காட்டி, "சால்வையைச் சுத்தினது இவரா? நல்லா சுத்தியிருக்கு. டாக்டரா?" என்று என்னிடம் கேட்டார்.

லைன்மேன் என்றேன். கம்லா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். கோபம் எதுவும் இல்லாமல்தான் கேட்டார்: "அப்ப அவர்கிட்டயே கேளுங்க. மலையெல்லாம் தாண்டி வருதே, இதுக்குக் கம்பி மட்டும் ஏன் தெரியலை?"

நான் தமிழில் சொன்னதும் முருகேசன் வெளியே போனார். கொட்டகைக்கு முன்னாலும் ஒரு கம்பி போகிறது. அதற்கு அடியில் நின்று பார்த்தார், பக்கவாட்டில் போய்ப் பார்த்தார், தூரம் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி வந்தார்.

"கம்பம் தெரியுது. வெயிலுக்கு எதிர்ல நின்னா கம்பி எனக்கே தெரியலீங்க" என்று கம்லாவிடம் தமிழிலேயே சொன்னார். நான் மொழிபெயர்க்கவேண்டியிருக்கவில்லை. அவர் கையை ஆட்டிக் காட்டியதிலேயே கம்லாவுக்குப் புரிந்துவிட்டது.

ஜெய்சல்மேர் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. பூங்காவுக்குப் போகும் நேரம் கடந்துவிட்டது. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நகரத்துக்கு இருபது கிலோமீட்டர் முன்பே, தட்டையான அந்தப் பூமியில் கோட்டை தனியாக எழுந்து, கடைசி வெயிலில் தேன் நிறமாக நின்றது. பீயாராம் சொல்லாமலே காரை நிறுத்தினார். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கோட்டைக்குள் நடந்தோம். உள்ளே இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள். பால்காரர் பைக், பள்ளிக்கூடப் பை மாட்டிய பிள்ளைகள், அவர்களுக்கு இரண்டு பக்கமும் துணியில் போட்ட பூவேலைபோலச் செதுக்கிய கல் ஜன்னல்கள். சமணக் கோயிலின் கூரைக்குக் கீழே கழுத்து வலிக்கும்வரை நின்றேன். ஜோத்பூர் திரும்பும் வழியில் முள் மரத்தடியில் ஒரு சிங்காரா மானும், மணல் குழியிலிருந்து எட்டிப்பார்த்த பாலைவன நரியும் தரிசனம் கொடுத்தன.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை நல்ல காலம். விடியற்காலைக் குளிர் மைசூர்க் குளிர் இல்லை, கம்பளிக் குல்லாய் கட்டாயம். கீச்சனில் ஏழு மணிக்குள் மாடியில் இருங்கள், பளிச்சென்ற நிறத்தில் உடை வேண்டாம், சத்தம் வேண்டாம். பூங்காவுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். எங்களைப்போல ஒரே சாயங்காலத்தை நம்பாதீர்கள். அடிபட்ட பறவை எதையாவது பார்த்தால், ஓடுவதற்கு முன்னால் கம்பி கீழே கிடக்கிறதா என்று பாருங்கள். பிறகு தலையைத் துணியால் மூடுங்கள். மூன்று நாள் கார், தங்கல், சாப்பாடு, ரயில் எல்லாம் சேர்த்து இருவருக்கும் 31,000 ரூபாய் ஆனது. கானமயில் பார்த்தீர்களா என்று கேட்டால், இல்லை. மறுபடியும் போவேன்.

இந்தப் பதிவை எழுதிவிட்டு வெளியிடாமல் வைத்திருந்தேன். முடிவு தெரியாமல் போட மனம் வரவில்லை. பிப்ரவரியில் ஒரு காலை, அன்று என் எண்ணை வாங்கி வைத்திருந்த கம்லாவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. முருகேசன் காக்கிச் சட்டையில், நின்றபடி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

கொட்டகைக்குப் பின்னால் உள்ள திடல். பறவை கழுத்தைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்க்கிறது. நடக்கிறது. ஓடுகிறது. காலைத் தரையிலிருந்து எடுக்கிறது. ஒரு சிறகு கொஞ்சம் தாழ்ந்துதான் அடிக்கிறது. திடலின் கோடியில் கம்பி, அதை நோக்கி நேராகப் போகிறது.

"ஏறு" என்றார் முருகேசன். "ஏறு சாமி. இன்னுங் கொஞ்சம். மேல, மேல..."

கம்பிக்கு மேலே ஒரு முழ உயரத்தில் அது தாண்டிப் போனது.

"தாண்டிருச்சு அம்மணி."

தோசை ஆறிப்போயிருந்தது. அவர் வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். தாண்டிவிடும் என்று தெரிந்தும், கம்பி வந்த இடத்தில் மறுபடியும் "ஏறு, ஏறு" என்றார்.