தலைகீழாகப் புதைந்திருந்த சூசையப்பர்

இது உண்மையில் நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போய்த் தேத்தண்ணீர் குடிக்கலாம். நான் லேசில் பயப்படுகிற ஆளும் இல்லை. மன்னாரில் சவக்காலைக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தவள். ரொறன்ரோவில் பதினொரு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள். எத்தனையோ பேரின் கண்களை என் கையால் மூடியிருக்கிறேன். ஒருவரும் எழும்பி என் பின்னால் வந்ததில்லை.

என் பெயர் அன்ரனெற். கணவர் றோய். மகள் அட்சயா, எட்டு வயது. ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். அந்தப் பக்கத்தில் சொந்த வீடு எங்களுக்கு எட்டாக்கனி. அப்போதுதான் ஜூலியஸ் அண்ணை வந்தார். ரொறன்ரோவை விட்டுக் கொஞ்சம் வெளியே போனால் எங்கள் சம்பளத்துக்கே சுற்றிவர வளவோடு வீடு கிடைக்கும் என்றார். அவர் சொன்ன அந்தக் 'கொஞ்சம்' இரண்டேகால் மணித்தியாலக் கார் ஓட்டம்.

ஜூலியஸ் அண்ணை வீடு வாங்கி விற்கிற முகவர். ஆனால் எங்களுக்கு அவர் முகவர் இல்லை. அட்சயாவின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் அவளுக்காக மெழுகுதிரி பிடித்தவர். அவளை 'அட்சுக்குட்டி' என்று கூப்பிடுவார். வேறு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, நாங்கள் கூட. அவர் யூனியன்வில்லில் வீடு வாங்கியபோது, மன்னாரில் இருந்து அம்மா அனுப்பிய சூசையப்பர் சொரூபத்தை நான்தான் பரிசாகக் கொடுத்தேன். சூட்கேசுக்குள் கை உடைந்து போயிருந்தது. பசை போட்டு ஒட்டி, அடியில் அவருடைய பெயரையும் அவர் மனைவி யூஜினி அக்காவின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். குடிபூரலுக்கு முதல் நாள் அந்த வீட்டை பேஸ்மென்ற் படியில் இருந்து மேல்மாடி வரை தேய்த்துக் கழுவியதும் நான்தான். அவ்வளவு உரிமை.

அதனால்தான் அந்தப் பிழையைச் செய்தோம். வீடு வாங்கமுன், வீட்டின் குறைநிறை பார்க்கிற இன்ஸ்பெக்ரரைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோதிக்கவில்லை. சொந்த ஆள் காட்டுகிற வீட்டைச் சோதித்தால் அது அவரையே சந்தேகப்பட்ட மாதிரி அல்லவா? எங்கள் சனத்துக்கு இருக்கிற பெரிய வியாதி இது. விற்கிறவர் யார் என்று கேட்டோம். ஏதோ ஒரு கொம்பனி, பெயர் கூட இல்லை, வெறும் இலக்கம் என்றார். தலையை ஆட்டினோம்.

வீடு பார்க்கப் போன அன்று அவர் வளவுக்குள் இறங்கவில்லை. ரோட்டில், காருக்குப் பக்கத்தில், காதில் போனோடு நின்றார். முக்கியமான கோல் என்று கையைக் காட்டினார். நான் திரும்பிப் பார்த்தபோது போனின் திரை கறுப்பாக இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை. எங்கள் குடிபூரலுக்குச் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தபோதும் அண்ணை ரோட்டில்தான் நின்றார்.

ஊர் சின்னது. ஒரு பெற்றோல் ஸ்டேசன், இரண்டு கிறிஸ்தவக் கோவில், சோளக் காணிகள். எனக்கு அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் காலை வேலை கிடைத்தது. றோய் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்துக்குத் தினமும் வேலைக்கு ஓடினார். வீடு வந்துசேர இரவு எட்டு மணியாகும். பின்னேரங்களில் நானும் அட்சயாவும் மட்டும். முதல் இரண்டு மாதம் நாங்கள் பட்ட சந்தோசத்தைச் சொன்னால் இப்போது எனக்கே கோபம் வருகிறது.

2024 ஒக்ரோபர் 28, திங்கட்கிழமை. பின்னேரம் 5:40.

பேஸ்மென்ற்றில் ஒரு சத்தம். டொக்... மரப்படியில் ஒரு பாரமான கால் வைத்த மாதிரி. ஒரே ஒரு அடி. போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

செவ்வாய், 5:40. டொக்... டொக்... இரண்டு.

புதன், 5:40. மூன்று.

அன்று இரவு டோர்ச் எடுத்துக்கொண்டு போய்ப் படிகளை எண்ணினேன். பதின்மூன்று. றோய் சிரித்தார். சூடாக்கி ஓடும்போது பழைய மரம் சத்தம் போடும் என்றார். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மரத்துக்கு எண்ணத் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா?

நவம்பர் 3, ஞாயிறு. குளிர்காலத்துக்காக இந்த நாட்டில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிற நாள். றோய் வீட்டில் நின்றார். 4:40 ஆயிற்று. டொக்... டொக்... ஏழு அடி. நாங்கள் நேரத்தை மாற்றினோம். அது மாற்றவில்லை. றோய் கதவைத் திறந்து கீழே பார்த்தார். மூடினார். பிறகு அவர் சூடாக்கியைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கு உண்மையான பயம் அப்போதுதான் பிடித்தது.

திங்கட்கிழமை எட்டு அடி. அதற்குப் பிறகு... ஒரு குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத வறண்ட குரல்.

"அட்சுக்குட்டி."

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அட்சயா என்ற பெயரே ஒருவருக்கும் வாயில் வரவில்லை. இது அந்தச் செல்லப் பெயரைத் தெளிவாகச் சொன்னது, எங்கள் ஆட்கள் சொல்வது போலவே. மேசையில் இருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, ஜூலியஸ் மாமா டவுன்ஸ்ரெயர்ஸ்ல நிக்கிறாரா?"

அடுத்த நாளில் இருந்து 4:30க்கே அவளைக் காருக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். ஹீற்றரைப் போட்டுவிட்டு ஐந்து மணி வரை உள்ளேயே இருப்போம். மில்லிக்கன் வீட்டில் இப்போது வேறு ஆட்கள். திரும்பிப் போக எங்களுக்கென்று ஒரு இடமில்லை. றோய் இரவில் கட்டிலில் இருந்தபடி யோசிப்பார். ஜூலியஸ் அண்ணைக்கு எடுத்துச் சொல்லுவோம், அவர் ஒரு வழி பார்ப்பார் என்றார். அவரைத்தான் அப்போதும் நம்பியிருந்தோம்.

நவம்பர் 8, வெள்ளி. பன்னிரண்டாம் நாள்.

பனி கொட்டமுன் வாசல் ஓரத்தில் அடையாளத் தடிகள் குத்தவேண்டும். பனி வழிக்கிற வண்டி புல்லுக்குள் ஏறாமல் இருப்பதற்கு. அட்சயாவை உள்ளே வீட்டுப்பாடத்தில் இருத்திவிட்டு வெளியே வந்தேன். 4:12. மூன்றாவது தடி மண்ணுக்குள் எதிலோ முட்டியது. தோண்டினேன். தலைகீழாக ஒரு சொரூபம். சூசையப்பர்.

அந்த வழக்கம் எனக்குத் தெரியும். இங்கே வந்து கோவிலில் கேட்டதுதான். வீடு விற்கவேண்டுமென்றால் சூசையப்பரைத் தலைகீழாக வளவில் புதைத்து நேர்ந்துகொள்வார்கள். விற்றதும் தோண்டி எடுத்துப் புது வீட்டில் வைக்கவேண்டும். யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள், பாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். மண்ணைத் துடைத்தேன்.

கையில் பசை போட்ட தழும்பு.

அடியைத் திருப்பினேன். என் எழுத்து. அவர்கள் இருவருடைய பெயர்.

அந்த இலக்கக் கொம்பனி யாருடையது என்று இனி யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. போன் எடுத்தேன். ஐந்து தரம் அடித்த பிறகுதான் ஜூலியஸ் அண்ணை எடுத்தார். 4:31.

சொரூபம் கையில் இருக்கிறது என்று சொன்னேன். பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். இந்த வீட்டைத் திருத்தி விற்கிற எண்ணத்தில் வாங்கினாராம். இரண்டு கிழமை அங்கே நின்று தானே வேலை செய்தாராம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு படி. பதின்மூன்றாம் நாள் கதவுக்குப் பின்னால் நின்று அவருடைய பெயரைக் கூப்பிட்டதாம்.

"வேற ஒரு பெயர் சொன்னால் விட்டிடும் எண்டு விளங்கிச்சுது, அன்ரனெற்."

"என்ரை பிள்ளையின்ரை பெயரோ அண்ணை?"

"யோசிச்சுச் சொல்லேல்லை. வாயில வந்திட்டுது. பிறகு நான் யூனியன்வில்லுக்கு வந்தும் அது விடேல்லை. பிள்ளை அங்க வந்து சேருமட்டும் விடேல்லை..."

நான் மேலே கேட்கவில்லை. நேரத்தைப் பார்த்தேன்.

4:40.

வாசல் கதவு பாதி திறந்திருந்தது.

ஓடினேன்.

டொக்... டொக்... டொக்...

மேசையில் கொப்பி விரித்தபடி. கதிரை வெறுமை.

டொக்... டொக்...

குசினி. இல்லை.

டொக்...

பேஸ்மென்ற் கதவுக்கு முன்னால் நின்றாள். ஒரு கை கதவின் கைப்பிடியில்.

"அட்சுக்குட்டி..."

கதவின் மற்றப் பக்கம். அவளுடைய முகத்தின் உயரத்தில்.

"வாறன் மாமா" என்றாள் என் பிள்ளை.

கைப்பிடி திரும்பியது. அவள் திருப்பவில்லை. அவளுடைய கை அதற்குள் என் கைக்குள் இருந்தது.

தூக்கினேன். ஓடினேன்.

பின்னால் கதவு திறக்கிற சத்தம்... மெதுவாக.

திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை அதுதான் நான் செய்த ஒரே புத்தியான வேலை.

மில்லிக்கனில் என் தங்கை றஜிதாவின் வீட்டில் போய் நின்றோம். அடுத்த நாள் சனிக்கிழமை. பதின்மூன்றாம் நாள். 4:40க்கு நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி இருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. றோய் அழுதே விட்டார். ஆனால் அட்சயா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தங்கை வீட்டு பேஸ்மென்ற் கதவைப் பார்த்தாள். அடுத்த நாளும் பார்த்தாள். அதற்கு அடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் 4:40க்கு, எங்களுக்குக் கேட்காத எதையோ கேட்கிற மாதிரி. சாப்பாடு குறைந்தது. இரவில் நித்திரை இல்லை. டொக்ரர் வீடு மாறிய கவலை என்றார்.

வீட்டை விற்கப் போட்டோம். டிசம்பர் 10, செவ்வாய், காலை 10:20. வாங்க வந்தவர்கள் இன்ஸ்பெக்ரர் ஒருவரை அனுப்பியிருந்தார்கள். நாங்கள் செய்யாததை அவர்கள் செய்தார்கள். கதவைத் திறந்துவிட நான்தான் போனேன். பகல்தானே என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். பேஸ்மென்ற் கதவு சரியாக மூடவில்லை என்று அந்த மனிதர் அதன் உட்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். புதிதாக ஒரு மெல்லிய பலகை அடித்து, வெள்ளை பெயின்ற் பூசியிருந்தது. ஆணிகளைக் கழற்றினார்.

பலகைக்குப் பின்னால் பென்சிலால் எழுதிய பெயர்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக ஏழு. முதல் ஐந்தும் வெள்ளைக்காரப் பெயர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்து. ஐந்தும் வெட்டியிருந்தன. ஆறாவது, ஆங்கிலத்தில், ஜூலியஸ். அதுவும் வெட்டியிருந்தது. ஏழாவது தமிழில்.

அட்சுக்குட்டி.

வெட்டவில்லை.

அந்த எழுத்தை எனக்குத் தெரியும். ஞானஸ்நான வாழ்த்து மடலில் இருந்த அதே அழகான, சாய்ந்த எழுத்து. வாயில் வந்துவிட்டது என்றாரே... யோசிக்காமல் சொன்னவர் பென்சில் எடுத்து, ஒற்று விடாமல், ஒரு பிழை இல்லாமல் எழுதியிருக்கிறார். எழுதிவிட்டுத் தன் பெயரை வெட்டியிருக்கிறார். பிறகு பலகை அடித்து மூடியிருக்கிறார். எங்களுக்கு வீடு காட்டியிருக்கிறார். எனக்குப் பயம் போய்விட்டது. இவ்வளவு காலம் அண்ணை அண்ணை என்று கூப்பிட்ட என் வாயின் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

கதவின் மேல் சட்டத்தில் ஒரு பென்சில் துண்டு இருந்தது. இன்ஸ்பெக்ரர் கூரை பார்க்க வெளியே போயிருந்தார்.

எழுதினேன். அதை மறைக்கமாட்டேன். என் மகளின் பெயரை வெட்டிவிட்டு, அதன் கீழே எழுதினேன். எட்டாவது பெயர். பாவசங்கீர்த்தனத்தில் இதை இன்னும் சொல்லவில்லை.

அன்று 4:40க்கு அட்சயா சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்சம் மீன் கேட்டாள்.

வாங்க வந்தவர்கள் கதவைப் பற்றிக் கேள்விப்பட்டு வேண்டாம் என்று போய்விட்டார்கள். நல்லது. அந்த வீட்டை நான் இனி யாருக்கும் விற்கமாட்டேன். பூட்டியபடி நிற்கட்டும்.

டிசம்பர் 18, புதன், மாலை 4:52. யூஜினி அக்கா எனக்குப் போன் எடுத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த வீட்டைப் பற்றிக்கூட அவருக்கு அண்ணை சொல்லவில்லை.

"அன்ரனெற், இவர் ஒரு மாதிரி இருக்கிறார். ஒரு கிழமைக்கு மேல சாப்பாடில்லை. பின்னேரத்தில எங்கட பேஸ்மென்ற் படியில ஆரோ ஏறி வாற சத்தம் கேக்குது. ஒவ்வொரு நாளும் ஒண்டு கூடுது. இண்டைக்கு ஒன்பது."

அவர் அழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவர்களின் யூனியன்வில் வீட்டு பேஸ்மென்ற் படிகளைக் குடிபூரலுக்கு முதல் நாள் முழங்காலில் இருந்து ஒவ்வொன்றாகத் தேய்த்தவள் நான்.

பதினான்கு.