‘மாங்க்’ என்றொரு சொல்லும் சிவநேசனின் கையும்

போன கிழமை அலுவலகத்தில் என் தேநீர்க் கோப்பையைப் பார்த்து ஃபியோனா முகம் சுளித்தாள். "மாங்கி" என்றாள். ஸ்கொட்லாந்தில் பிறந்தவள், அழுக்கைக் கண்டால் அவள் வாயில் வரும் சொல் அதுதான். நான் கோப்பையைக் கழுவியிருக்கலாம். கழுவாமல் அகராதி தேடிப் போனேன்... என் குணம் உங்களுக்குத் தெரியாததா?

பழைய ஸ்கொட்ஸ் மொழியில் 'மாங்க்' என்றால் ஒருவரை ஊனப்படுத்துவது, காயப்படுத்துவது. அதற்குப் பின்னால் பிரெஞ்சு, அதற்கும் பின்னால் லத்தீன். அங்கே அது ஊனமுற்றவரை, குறிப்பாகக் கை ஊனமானவரைச் சொல்லும் சொல். பிறகு 'குறையுள்ளது' என்றானது. அதிலிருந்துதான் 'மாங்கி' பிறந்திருக்க வேண்டும் என்கிறார்கள். காயம் மறந்துபோய் அழுக்கு மட்டும் மிஞ்சிவிட்டது. அடிபட்டவருக்கு இது என்ன நியாயம்? எனக்குக் கோபமே வந்தது.

சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு கல்யாணம். மணமகள் அபிராமியின் தாய்மாமன் சிவநேசன் எனக்கு நெடுநாள் பழக்கம். இரண்டு வருடங்களுக்கு முன் பிறம்ரனில் அவர் வேலைசெய்த வெயார்ஹவுஸில் ஒரு மெஷின் அவருடைய வலது கையின் மூன்று விரல்களைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து அந்தக் கை கோட் பொக்கெற்றுக்குள்தான்.

தாலி கட்டியாயிற்று. அறுகரிசி போடும் நேரம். பெரியவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, அறுகம்புல்லும் அரிசியும் எடுத்து மணமக்களின் தலையில் தூவி வாழ்த்துவது எங்கள் வழக்கம். சிவநேசன் கடைசி வரிசையில் அசையாமல் இருந்தார்.

"போங்கோ அண்ணை, தாய்மாமன் எல்லோ நீங்கள்!" என்றேன்.

"ஊனக் கையாலை வாழ்த்தினால் நல்லதே? பிள்ளை நல்லாயிருக்கோணும். நான் இதிலையிருந்தே வாழ்த்துறன்."

சொந்தக்காரரும் அவரைக் கூப்பிடவில்லை. "பாவம், அவரைக் கரைச்சல்படுத்தாதேங்கோ" என்று தாண்டிப் போனார்கள் — அன்பாகத்தான்! எனக்கு ஃபியோனாவின் சொல் ஞாபகம் வந்தது. ஒரு சொல்லுக்குச் சில நூற்றாண்டுகள் பிடித்த வேலையை நாங்கள் இரண்டே வருடத்தில் முடித்துவிட்டோம்.

எல்லோரும் இறங்கியபின் ஐயர் மணமக்களை எழும்பச் சொன்னார். அபிராமி எழும்பவில்லை.

"மாமா இன்னும் போடேல்லை ஐயா. ஐ கேன் வெயிற்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. சிவநேசன் மெல்ல எழுந்து மேடைக்குப் போனார். கை பொக்கெற்றிலிருந்து வெளியே வந்தது. இருந்த இரண்டு விரல்களால் அரிசியைக் கிள்ளிப் பார்த்தார், நழுவியது. திரும்பவும் நழுவியது. கடைசியில் இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளி, அவ்வளவையும் அவள் தலையில் போட்டார். காலையிலிருந்து பார்த்துப் பார்த்துச் செய்த தலையலங்காரம்... போச்சு!

"சொரி பிள்ளை" என்று அழுதார். நானும் அழுதேன். உங்களிடம் மறைப்பானேன்?

படமெடுக்கிறவர் ஓடிவந்து, தலையில் குவிந்திருந்த அரிசியைத் தட்டிவிடக் கை நீட்டினார்.

"டோன்ட் ரச் இற்" என்றாள் அபிராமி. "இது என்ர மாமா போட்டது."